ஆம்ப்பில் ஃபியூஸ் போனால்: செத்த ஃபியூஸைப் படிப்பது முதல் பாட்டு திரும்ப வரும்வரை

ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) திடீரென்று அடங்கிப் போனால் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான் நடக்கும். பின்பக்கம் இருக்கும் சின்ன மூடியைத் திருகி, கண்ணாடி ஃபியூஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், உள்ளே கம்பி அறுந்திருக்கும், உடனே பக்கத்து ஹார்ட்வேர் கடையில் அதே அளவில் ஒன்று வாங்கி வந்து மாட்டிவிடுவார்கள், பழையது குப்பைக்குப் போய்விடும். பாட்டு வந்தால் சரி. புதிதும் போய்விட்டால் அடுத்து கொஞ்சம் பெரிய ஃபியூஸ், அதுவும் போனால் சிகரெட் பெட்டியில் இருக்கும் வெள்ளித்தாள். ஒரு ஜோடி டிரான்சிஸ்டரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, டிரான்ஸ்ஃபார்மர் கருகி ஆம்ப்பையே கழித்துவிடும் நிலைக்கு வருவது இப்படித்தான்.

அந்தப் பழைய ஃபியூஸைத் தூக்கிப் போடாதீர்கள் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன். பெட்டிக்குள் என்ன நடந்தது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் முதல் சாட்சி அது. புதியதை மாட்டும் முன் அதைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

இந்த வழிகாட்டி வீட்டு ஸ்டீரியோ ஆம்ப், ரிசீவர், பவர்டு ஸ்பீக்கர், சப்வூஃபர், சிடி பிளேயர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் வெளியே இருக்கும் ஃபியூஸை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் உள்ளே 400 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும், பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது.

முதலில், போனது எந்த ஃபியூஸ்?

மலேசியாவில் இது கொஞ்சம் குழப்பமான விஷயம், ஏனென்றால் நம் மூன்று பின் பிளக்கிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அதைத் தாண்டி ஆம்ப்பின் முதுகில் ஒன்று, உள்ளே ஒன்றோ இரண்டோ, சில ஆம்ப்களில் இடது வலது சேனலுக்கு என்று தனித்தனியாக இன்னும் சில. அதனால் சுவரிலிருந்து ஆம்ப்பை நோக்கி வரிசையாக வாருங்கள்.

முதலில் அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ மாட்டிப் பாருங்கள். அது எரியாவிட்டால் பிரச்சினை சாக்கெட்டில் அல்லது எக்ஸ்டென்ஷனில். வீட்டின் மெயின் சுவிட்சுகள் இருக்கும் டிபி பாக்ஸில் எம்சிபி என்ற சுவிட்ச் விழுந்திருந்தால் அதிகக் கரண்ட் இழுத்திருக்கிறது என்று பொருள். அதே பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி விழுந்திருந்தால் அது வேறு சமாச்சாரம்: கரண்ட் எங்கேயோ எர்த்துக்குக் கசிகிறது. ஆம்ப்பை மாட்டும்போதெல்லாம் ஆர்சிசிபி விழுகிறது என்றால் ஃபியூஸை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், அதை அப்படியே ரிப்பேருக்குக் கொண்டுபோங்கள். எந்தப் பொருளும் மாட்டாமலேயே விழுந்தால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

சாக்கெட் நன்றாக இருந்தால் அடுத்தது பிளக். அந்த ஃபியூஸ் உருளையான பீங்கான், ஒரு அங்குல நீளம், உள்ளே மணல் நிரப்பியது, அதனால் கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாது. வார்ப்பு பிளக்கில் பின்களுக்கு நடுவே இருக்கும் சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வெளியே வரும், திறக்கக்கூடிய பிளக்கில் நடு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். நல்ல சோதனை என்றால் அது மல்டிமீட்டரில் அளப்பதுதான். மீட்டர் இல்லையென்றால் வேலை செய்யும் இன்னொரு பிளக்கிலிருந்து அதே அளவு ஃபியூஸை எடுத்து மாட்டிப் பார்க்கலாம்.

ஆம்ப்பின் பின்பக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று திருகும் மூடி. இன்னொன்று கெட்டில் வயர் மாதிரி கழற்றி மாட்டும் பவர் கார்டு செருகும் இடத்துக்குக் கீழேயே ஒரு சின்ன டிராயர், சப்வூஃபரிலும் பவர்டு ஸ்பீக்கரிலும் பெரும்பாலும் இதுதான். கார்டைக் கழற்றினால்தான் அந்த டிராயர் இழுபடும். பல டிராயர்களில் வேலை செய்யும் ஃபியூஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு அறை இருக்கும், அதில் ஒரு ஸ்பேர் ஃபியூஸ் படுத்திருக்கும். நிறையப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

முன்பக்க விளக்கு எரிகிறது, ஆனால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஊமை என்றால், மெயின் ஃபியூஸைத் தொடவே வேண்டாம். உள்ளே போர்டில் அந்தச் சேனலுக்கான ஃபியூஸ் போயிருக்கலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது, அல்லது ஸ்பீக்கரை இணைத்துவிடும் ரிலே 'டிக்' என்று ஒட்டாமல் இருக்கிறது என்றால் அது மெயின் ஃபியூஸ் பிரச்சினை கிடையாது, ஆம்ப் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது. ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். சரியாகிவிட்டால் கோளாறு வயரில் அல்லது ஸ்பீக்கரில்.

கழற்றும் முன் கரண்டை நிறுத்துவது

சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். பின்பக்க ஃபியூஸை மட்டும் மாற்றுவதென்றால் இவ்வளவு போதும்.

மூடியைத் திறப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. நல்ல ஆம்ப்பில் அணைத்த பிறகு உள்ளே இருக்கும் சர்க்கியூட்டே அந்தச் சார்ஜைக் குடித்துத் தீர்த்துவிடும், ஆனால் கெப்பாசிட்டருக்கும் சேனலுக்கும் நடுவில் இருக்கும் ஃபியூஸ் போயிருந்தால் குடிப்பதற்கு ஆளே இல்லை. அந்தப் பக்கத்துக் கெப்பாசிட்டர் ரொம்ப நேரம் நிறைந்தே நிற்கும். ஃபியூஸ் போன ஆம்ப்தான் திறப்பதற்கு அதிக ஆபத்தானது.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் அளந்து பாருங்கள். இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, கை படாமல் உறை போட்ட வயர்களில் கட்டி, அந்தக் கால்களில் அரை நிமிடம் வைத்து, மறுபடி அளக்கவும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து 'பட்' என்று பொறி பறக்க விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கெப்பாசிட்டரும் கெடும், பொறி கண்ணிலும் தெறிக்கும்.

உள்ளே கெட்டியான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சின்னச் சின்ன பாகங்களோடு ஸ்விட்சிங் பவர் சப்ளை இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை நேராக டிசியாக மாற்றினால் சுமார் 325 வோல்ட் வரும், அந்தக் கெப்பாசிட்டரில் அது தேங்கி நிற்கலாம். தவிர, இந்த வகை சப்ளையில் ஃபியூஸ் போவதென்றால் பெரும்பாலும் பின்னாலிருக்கும் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) அல்லது ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் பிரிட்ஜ் ஷார்ட் ஆகியிருக்கும், புதிய ஃபியூஸ் போட்டால் ஒரு நொடி கூடத் தாங்காது. இந்த வேலை டெக்னீஷியனுக்கு.

செத்த ஃபியூஸைப் படிப்பது

ஹோல்டரிலிருந்து எடுத்த கண்ணாடி ஃபியூஸைத் துணியில் துடைத்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கண்ணாடி தெளிவாக இருக்கிறது, உள்ளே கம்பி ஒரே இடத்தில் மட்டும் அறுந்து இரண்டு முனைகளும் சின்ன உருண்டையாக முடிகின்றன என்றால், கரண்ட் அளவைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது, அல்லது ஃபியூஸ் வயதாகிப் போயிருக்கிறது. ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்களும் ஒரு கணத்துக்குப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அந்தக் கம்பி சூடாகி நீண்டு, ஆறிச் சுருங்கி, வருஷக் கணக்கில் இப்படியே போய் ஒருநாள் ஆன் செய்யும்போது அறுந்துவிடும். பதினைந்து இருபது வருஷம் ஓடிய ஆம்ப்பில் இது சகஜம். இந்த வகைக்குத்தான் புதிய ஃபியூஸ் போட்டாலே பிரச்சினை தீர வாய்ப்பு அதிகம்.

கண்ணாடி முழுக்கக் கறுத்து, அல்லது உட்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி போல வெள்ளி பூசினமாதிரி ஆகி, கம்பியே காணாமல் போயிருந்தால் கதை வேறு. கம்பி உருகி அறுவதற்குக்கூட நேரம் கிடைக்காமல் ஆவியாகிச் சுவரில் படிந்திருக்கிறது. அவ்வளவு கரண்ட் போக வேண்டுமானால் உள்ளே ஏதோ ஒன்று முழு ஷார்ட்: ரெக்டிஃபையர் பிரிட்ஜ், அவுட்புட் டிரான்சிஸ்டர், அல்லது இடி மின்னலில் அடிபட்ட வேரிஸ்டர் (மின்னல் எகிறலைத் தடுக்கும் பாகம்). இந்த நிலையில் இன்னொரு ஃபியூஸைப் போட்டு 'சும்மா பார்ப்போமே' என்று ஆன் செய்யாதீர்கள். முதல் தடவை தப்பித்த பாகங்கள் இரண்டாவது தடவை போகும்.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, நம் ஊர் ஈரக் காற்றில் இது நிறைய. ஃபியூஸின் கம்பி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உலோக மூடிகள் பச்சையாகவோ பழுப்பாகவோ நிறம் மாறி, ஹோல்டர் கிளிப்பும் கறுத்திருக்கும். தொடும் இடம் துருப்பிடித்துச் சரியாகப் பிடிக்காமல், அந்த இடமே சூடாகியிருக்கிறது. சில சமயம் மூடியில் இருக்கும் ஈயம் உருகிக் கம்பி கழன்றும் போயிருக்கும். இதற்குப் புதிய ஃபியூஸ் மட்டும் போதாது, கிளிப்பைச் சுத்தம் செய்ய வேண்டும், தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பிளக்கின் உள்ளே லைவ் பின் அருகே பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அதுவும் இதே நோய்தான். அந்தப் பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பீங்கான் ஃபியூஸ் என்றால் மீட்டரைப் பீப் சத்தம் தரும் நிலையிலோ ஓமிலோ வைத்துத்தான் பார்க்க முடியும். ஃபியூஸை ஹோல்டரிலிருந்து முழுசாக வெளியே எடுத்த பிறகு அளக்க வேண்டும், உள்ளே வைத்தபடி அளந்தால் வேறு வழியாகச் சுற்றி வந்து பொய்க் கணக்குக் காட்டலாம். நல்ல ஃபியூஸ் ஒரு ஓமுக்குக் கீழே காட்டும். 100 மில்லிஆம்பியர் போன்ற ரொம்பச் சின்ன ஃபியூஸ் மட்டும் நல்லதாக இருந்தாலும் சில ஓம் காட்டும், அதைப் பார்த்துக் கெட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஏன் போனது?

புதிய ஃபியூஸ் வாங்கப் போகும் முன் பத்து நிமிடம் இதை யோசியுங்கள். கோலாலம்பூர் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணங்கள் இவை.

ஸ்பீக்கர் வயர். பின்னிய செம்பு இழைகளில் ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கும். கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவினால் குத்தும். தீபாவளி ஓப்பன் ஹவுஸுக்காக ஆம்ப்பைக் கூடத்திலிருந்து வாசலுக்கு நகர்த்தி, இன்னொரு ஜோடி ஸ்பீக்கரையும் சேர்த்து மாட்டி, ராத்திரி முழுக்கப் பாட்டுப் போட்ட மறுநாள் ஃபியூஸ் போகிற கதையில் பாதி இதுதான். மீதிப் பாதி, 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு ஜோடியை ஏ, பி என்ற இரண்டு ஸ்பீக்கர் இணைப்புகளிலும் போட்டதால் ஆம்ப் 2 ஓமைத் தள்ள வேண்டி வந்தது. ஆம்ப்பின் முதுகில் ஏ+பி என்று போட்டால் குறைந்தது எத்தனை ஓம் என்று அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

வோல்டேஜ். மலேசியாவின் அதிகாரப்பூர்வ அளவு முன்பு 240 வோல்ட், 2008 முதல் 230 வோல்ட், மேலே 10 சதவீதம் கீழே 6 சதவீதம் வரை அனுமதி. கணக்குப் பார்த்தால் 253 வோல்ட் வரை வரலாம். முதுகில் வோல்டேஜ் செலக்டர் இருக்கும் பழைய ஆம்ப்பில் 220, 240 என்று இரண்டும் இருந்தால் நம் ஊருக்கு 240-தான் பாதுகாப்பு. அந்த செலக்டரைக் குழந்தைகளோ வீடு மாற்றும் ஆட்களோ 120-க்குத் தள்ளிவிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் ஜப்பான் பொருள். பழைய பொருள் விற்கும் பண்டல் கடைகளிலும், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வாரக்கடைசிச் சந்தையிலும் அழகழகான ஜப்பானிய ஆம்ப்கள் வருகின்றன, பலவற்றின் முதுகில் 100 வோல்ட் மட்டும் என்று எழுதியிருக்கும். செந்தூலில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் அப்படி ஒன்றை வாங்கி, மூன்று பின் அடாப்டரில் செருகி நேராகச் சுவரில் மாட்டினார். ஒரு கனமான உறுமல், அப்புறம் அமைதி. ஃபியூஸின் கண்ணாடி உள்ளே வெள்ளியாகியிருந்தது. நல்ல வேளையாக உள்ளே சரியான அளவு ஃபியூஸ் இருந்தது, 230-ஐ வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் எரிவதற்குள் அது அறுந்துவிட்டது. 230-இலிருந்து 100-க்கு இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்த பிறகு அதே ஆம்ப் இன்றும் பாடுகிறது. அமெரிக்கப் பொருளுக்கான 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை இதற்குப் போடாதீர்கள், 100 என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், அதன் வாட் அளவு ஆம்ப்பின் பின்னால் எழுதியிருப்பதைவிடத் தாராளமாக இருக்கட்டும்.

இடி மின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கில் சாயங்கால மழையும் இடியும் நமக்குப் பழகிப்போன ஒன்று, ஆனால் ஆம்ப்புக்குப் பழகாது. மின்னல் நேராக வீட்டில் விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே கம்பி வழியாக ஒரு எகிறல் வரும். அதைத் தடுக்க மெயின் நுழையும் இடத்தில் வைத்திருக்கும் வட்ட வில்லை மாதிரியான வேரிஸ்டர் தான் ஷார்ட் ஆகி ஃபியூஸை அறுத்துவிடும். மூடியைத் திறந்தால் அது வெடித்தோ கருகியோ நிற்பது தெரியும். மழை வரும்போது பிளக்கைப் பிடுங்குபவர்கள்கூட எஃப்எம் ஆன்டெனா வயரையும், டிஷ் பாக்ஸிலிருந்து ஆம்ப்புக்கு வரும் வயரையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மின்னலுக்கு அந்த வழியும் போதும்.

பல்லி. ஆம்ப் வெதுவெதுப்பாக இருக்கும், மேலே காற்றுத் துளை இருக்கும், பல்லிக்கு வேறென்ன வேண்டும். பவர் போர்டில் குறுக்கே படுத்து, தானும் செத்து ஃபியூஸையும் கொன்றுவிடும். எறும்புக் கூட்டமும் இதைச் செய்யும். மூடியைத் திறந்ததும் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து இதைத் தேடுங்கள், பல்லியின் எச்சம் போர்டின் செம்புப் பாதையை அரித்திருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும்.

சரியான ஃபியூஸ் வாங்குவது

ஹோல்டருக்குப் பக்கத்தில் அச்சடித்திருப்பதைத்தான் நம்ப வேண்டும், உள்ளே இருந்த ஃபியூஸை அல்ல. முன்பு யாரோ தவறானதைப் போட்டிருக்கலாம். அச்சு அழிந்திருந்தால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள், பழைய மாடல்கள் பலவற்றுக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

உதாரணமாக 'T3.15AL250V' (டி 3.15 ஏ எல் 250 வி) என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டி என்றால் மெதுவாக அறுவது, ஆன் செய்யும் கணத்து எகிறலைப் பொறுத்துக்கொள்ளும். எஃப் (F) என்றால் வேகமாக அறுவது. டி இருக்க வேண்டிய இடத்தில் எஃப் போட்டால் ஆம்ப் நன்றாக இருந்தாலும் ஆன் செய்யும்போதெல்லாம் போய்க்கொண்டே இருக்கும், 'இந்த ஆம்ப் ஃபியூஸைத் தின்கிறது' என்று பழி சொல்வார்கள். எஃப் இருக்க வேண்டிய இடத்தில் டி போட்டால் இன்னும் மோசம், அவுட்புட் டிரான்சிஸ்டர் செத்த பிறகுதான் ஃபியூஸ் அறும். கண்ணாடி ஃபியூஸில் வித்தியாசத்தை ஓரளவு கண்ணாலேயே பார்க்கலாம்: வேகமானதில் நேரான ஒற்றைக் கம்பி, மெதுவானதில் சுருளாகச் சுற்றிய கம்பியோ நடுவில் ஒரு சின்ன ஈயப் பொட்டோ இருக்கும்.

3.15 ஏ என்பது ஆம்பியர். இது மாறவே கூடாது. 3.15 கிடைக்கவில்லை, 4 தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். எல் என்பது கண்ணாடி ஃபியூஸ் வகை, பெரிய ஷார்ட்டை நிறுத்தும் திறன் குறைவு. எச் (H) என்றால் 1500 ஆம்பியர் ஷார்ட்டையும் வெடிக்காமல் நிறுத்தும், பெரும்பாலும் மணல் நிரப்பிய பீங்கான். எச் என்று எழுதிய இடத்தில் கண்ணாடி போடக் கூடாது, எல் இடத்தில் அதே டி, அதே ஆம்பியர் உள்ள பீங்கான் போடுவதில் தவறில்லை. 250 வி என்பதைவிட குறைந்ததை, கார் ஃபியூஸ் மாதிரி 32 வோல்ட் ஃபியூஸை, மெயின் இடத்தில் ஒருபோதும் போடாதீர்கள்.

அளவும் முக்கியம். பெரும்பாலானவை 20 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் விட்டம். பழைய அமெரிக்க, ஜப்பானிய ஆம்ப்களில் சுமார் 32 மில்லிமீட்டர் நீளமுள்ள தடித்த ஃபியூஸ் இருக்கும். அதில் ஏஜிசி (AGC) என்று எழுதியிருந்தால் வேகம், எம்டிஎல் (MDL) என்றால் மெதுவானது.

புடு பக்கம் ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பழைய ஃபியூஸையும் ஹோல்டரில் எழுதியிருந்ததன் போட்டோவையும் கொண்டுபோய்க் காட்டினால் போதும். சாதாரண ஃபியூஸ் சில்லறைக் காசுதான், அதனால் நாலைந்து வாங்கி, ஆம்ப்பின் பின்னால் ஒரு சின்னப் பையில் ஒட்டி வையுங்கள். ஆன்லைனில் நூறு ஃபியூஸ் ஒரே பெட்டியில் மலிவாக வருவதில், மூடியில் எந்தத் தர முத்திரையும் இல்லாதவற்றை மெயின் இடத்தில் நான் போட மாட்டேன். பிளக் ஃபியூஸுக்கும் அதே விதி: சிரிம் (SIRIM), ஆஸ்டா (ASTA) தர முத்திரை பார்த்து வாங்குங்கள். 300 வாட் இழுக்கும் ஆம்ப் 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர்தான் எடுக்கிறது, எல்லாப் பிளக்கிலும் 13 ஆம்பியர் போட்டுத் தொலைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆன் செய்யும்போது பெரிதாக இழுக்கும் கனமான ஆம்ப்புக்குக் கம்பெனி சொன்ன அளவையே வையுங்கள்.

தங்க மூடி போட்டு நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு விற்கும் ஹைஃபை ஃபியூஸ்கள் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: அந்தப் பணத்துக்கு வயதான கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள், வித்தியாசம் காதில் கேட்கும்.

மாட்டி, ஆன் செய்வது

கிளிப்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய விட்டு, புதிய ஃபியூஸைச் செருகுங்கள். கையால் லேசாகத் திருப்பினால் இறுக்கம் தெரிய வேண்டும், லொடலொடவென்று சுழன்றால் கிளிப்பை மாற்ற வேண்டும். போர்டில் நேராக ஈயம் வைத்து ஒட்டிய ஃபியூஸ் என்றால், இரண்டு பக்கமும் கம்பிக் கால் வைத்தே விற்கும் வகையை வாங்குங்கள். சாதாரண ஃபியூஸின் மூடியில் நீங்களே ஈயம் வைத்தால் அந்தச் சூட்டில் உள்ளே கம்பியைப் பிடித்திருக்கும் ஈயம் உருகிவிடும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது ஸ்பீக்கர் எதுவும் மாட்டியிருக்கக் கூடாது, சிடி பிளேயர், டிவி வயர்களும் வேண்டாம், வால்யூம் பூஜ்யத்தில்.

டெக்னீஷியன்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறார்கள். பழைய இழை பல்பு ஒன்றை ஆம்ப்போடு தொடராக இணைத்து விடுவார்கள், அதாவது கரண்ட் பல்பைத் தாண்டித்தான் ஆம்ப்புக்குப் போக வேண்டும். ஆம்ப்புக்கு 60 முதல் 100 வாட் பல்பு, எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை பல்பு இப்போது கடைகளில் அரிதாகிவிட்டதால் ஹாலோஜன் வைத்துக்கொள்ளலாம். ஆன் செய்ததும் பல்பு பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர் நிறைய நிறைய மங்கி, கிட்டத்தட்ட அணைந்துவிட்டால் ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றால் ஷார்ட் இருக்கிறது, ஆனால் பல்பு அந்தக் கரண்டைத் தாங்கிக்கொண்டதால் புதிதாக எதுவும் கெடவில்லை. 230 வோல்ட் வயரில் கை வைத்து வேலை செய்து பழகியவர்கள் மட்டும், பெட்டிக்குள் அடைத்த ஹோல்டரோடு இதைச் செய்யுங்கள். ஸ்விட்சிங் சப்ளை உள்ள பொருளுக்கு இந்தச் சோதனை சரியாக வராது, குழப்பும்.

பல்பு இல்லாவிட்டால் நேராக ஆன் செய்து ஒரு நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். உறுமல், வாடை, புகை எது வந்தாலும் சுவர் சுவிட்சை அணையுங்கள். எதுவும் வராமல் ரிலே 'டிக்' என்று ஒட்டினால், மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சேனலின் சிவப்பு, கறுப்பு டெர்மினல்களுக்கு நடுவே அளக்கவும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் காட்டிவிடுவது நல்லது. வோல்ட் கணக்கில் வந்தால் அந்தச் சேனல் செத்திருக்கிறது, ஸ்பீக்கரை மாட்டினால் வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருளும் எரியும். எல்லாம் சரியென்றால் முதலில் விலை குறைந்த ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் மெதுவாகப் பாட விட்டு, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கின் இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் நல்ல ஸ்பீக்கரை மாட்டுங்கள்.

ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருந்தும் ஆம்ப் செத்தே கிடந்தால், பிளக் வெளியே இருக்கும்போது ஆம்ப்பின் சுவிட்சை ஆனில் வைத்து, பிளக்கின் லைவ், நியூட்ரல் பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். அழுத்தும் மெயின் சுவிட்ச் உள்ள ஆம்ப்பில் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை வர வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் பவர் கார்டு, சுவிட்ச் இரண்டையும் பார்த்துவிடுங்கள், இரண்டும் நன்றாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள் புதைத்து வைத்திருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்கலாம். அது ஒரு தடவை மட்டுமே அறும், சூடு ஆறினாலும் திரும்ப ஒட்டாது. ரிமோட்டில் ஆன் ஆகும் ஆம்ப்பில் ஸ்டாண்ட்பை டிரான்ஸ்ஃபார்மர்தான் அளவில் தெரியும் என்பதால் எண் இதைவிட அதிகமாக வரும்.

எப்போது நிறுத்த வேண்டும்

சரியான அளவில் ஒரு புதிய ஃபியூஸ், அவ்வளவுதான். அதுவும் போனால் இரண்டாவதைத் தேடாதீர்கள், ஆம்பியரை ஒரு படி கூட்டாதீர்கள், வெள்ளித்தாளைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆம்ப்பை ரிப்பேருக்குக் கொண்டுபோகும்போது செத்த ஃபியூஸ்கள் இரண்டையும் ஒரு பையில் போட்டு, எது முதலில் போனது, எது அடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். கூடவே இவற்றையும் ஒரு தாளில்: ஃபியூஸ் போனபோது ஆன் செய்யும் கணமா, பாடிக்கொண்டிருக்கும்போதா, இடி இடித்ததா, அன்று என்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தது, வயரை யாராவது நகர்த்தினார்களா, பல்பு சோதனை செய்திருந்தால் வெளிச்சம் மங்கியதா நின்றதா, எந்தச் சேனலில் எத்தனை மில்லிவோல்ட் வந்தது. டெக்னீஷியன் ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதைக் கையோடு கொண்டுபோகிறீர்கள். வேலை முடிந்து ஆம்ப்பைத் திரும்ப வாங்கும்போது, என்ன பாகம் மாற்றினார் என்று கேட்டு, உள்ளே இப்போது எந்த ஃபியூஸ் இருக்கிறது என்று நீங்களே ஹோல்டரைத் திறந்து எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.